கறுப்புத் திரையில் நெல் கணக்கு: பைத்தான் 3.12 பற்றி ஒரு மதிப்பீடு

நீடாமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் அறுவடை தொடங்கிவிட்டால், உறவினர்களின் நெல் கணக்கைப் பார்த்துக் கொடுப்பது என் பொறுப்பு. அதற்காக என் பழைய மடிக்கணினியில் பைத்தான் 3.12 என்னும் நிரல் மொழியை நிறுவி, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் விண்டோஸின் கமாண்ட் பிராம்ப்ட் என்னும் கறுப்புத் திரையிலிருந்தே இயக்கி வருகிறேன். மென்பொருள் இலவசம்.

நிறுவும்போது மட்டும் கவனம் தேவை. முதல் திரையின் அடியில், பைத்தானை, நிரல்களை விண்டோஸ் தேடும் இடங்களின் பட்டியலான 'பாத்'தில் சேர்ப்பதற்கான சிறு கட்டம் டிக் செய்யப்படாமலே வருகிறது. அதைக் கவனிக்காமல் கடந்துவிட்டால், பிறகு பைத்தான் என்று தட்டும்போது விண்டோஸ் அதைக் கண்டுபிடிக்க முடியாமல் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரைத் திறந்துவிடுகிறது. நான் பணம் கட்டிப் படித்த பயிற்சி மையத்தில் மூன்று மாதமும் இந்தக் கட்டத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பைத்தான் என்று எழுதி, இடைவெளி விட்டு, கழித்தல் குறியோடு சி எழுத்தைச் சேர்த்து, இரட்டை மேற்கோளுக்குள், விடையைத் திரையில் காட்டும் பிரிண்ட் கட்டளையைக் கணக்கோடு கொடுத்தால் விடை வந்துவிடும். தனிக் கோப்பே தேவையில்லை. கொள்முதல் நிலையத்தில் சிப்பத்துக்கு 40 கிலோ. 2024-25 பருவத்தில் சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,450 ரூபாய். 62 சிப்பம் போட்ட சித்தப்பாவுக்காக 62*40*2450/100 என்று கொடுத்தபோது 60760.0 என்று வந்தது. "அது என்னப்பா கடைசியில புள்ளி சைபர்?" என்று கேட்டார். ஒற்றைச் சாய்கோடு எப்போதும் தசம எண்ணாகவே விடை தரும் என்று அவருக்கு விளக்குவதைவிட, அதை இரட்டைச் சாய்கோடாக மாற்றிவிடுவது எளிதாக இருந்தது. மேல் அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய வரி அப்படியே திரும்புவதால், அடுத்தவருக்கு 62-ஐ மட்டும் மாற்றினால் போதும். களத்து மேட்டில் நின்றுகொண்டு கணக்குக் கேட்பவர்களுக்கு இதைவிட விரைவாக எக்செல்லில் என்னால் சொல்ல முடிந்ததில்லை.

என்னை ஒரு மாலை முழுவதும் அலைக்கழித்தது மேற்கோள் குறிதான். இரட்டை மேற்கோளுக்குப் பதிலாக ஒற்றை மேற்கோளை இட்டிருந்தேன். பிழைச் செய்தியும் இல்லை, விடையும் இல்லை. கமாண்ட் பிராம்ப்ட் ஒற்றை மேற்கோளை நீக்காமல் அப்படியே அனுப்ப, பைத்தான் அதைக் கட்டளையாகக் கொள்ளாமல் வெறும் எழுத்துச் சரமாக எண்ணி வாளாவிருந்துவிட்டது. விண்டோஸின் மற்றொரு கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் இந்தச் சிக்கல் இல்லை.

தமிழ்ப் பெயர்களை அச்சிட்டால், என் கணினியின் கறுப்புத் திரையில் வெறும் கட்டங்களே தெரிகின்றன. இது பைத்தானின் குறையன்று. ஆயினும் ஊர்க் கணக்குக்குப் பெயர் இல்லாமல் முடியாது. ஆகவே பட்டியலை தமிழ் எழுத்துகளையும் சேமிக்கக்கூடிய யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் கோப்பாக எழுதச் செய்து, நோட்பேடில் திறந்து அச்செடுத்துக் கொடுக்கிறேன்.