மலையில ஒரு நாடக ராத்திரி: செரோக்கியா, பூனா?

சார்லட் பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்க கோடை லீவு வந்தா என்கிட்ட கேக்குறது இதான், மலைக்குப் போறோம், ராத்திரி திறந்த வெளியில வரலாற்று நாடகம் போடுறாங்களாமே, குழந்தைங்களோட எதுக்குப் போறதுன்னு. வட கரோலினா மலைல அப்படி பேர் வாங்கினது ரெண்டு. செரோக்கிங்கிற அமெரிக்கப் பழங்குடி மக்கள் வாழுற, அதே பேர் உள்ள செரோக்கி ஊர்ல 'அன்டு தீஸ் ஹில்ஸ்', 1950ல ஆரம்பிச்சது. பூன் ஊர்ல 'ஹார்ன் இன் தி வெஸ்ட்', 1952ல ஆரம்பிச்சது. ரெண்டையும் எழுதினது ஒரே ஆள், கெர்மிட் ஹன்டர். ஆனா பூன்ல போடுறது இந்த மலைக்கு வந்து குடியேறினவங்க கதை, செரோக்கில போடுறது இந்த மலையில இருந்து துரத்தப்பட்டவங்க கதை. இது தெரிஞ்சிட்டு போனீங்கன்னா பாக்குற பார்வையே வேற.

முதல்ல பூன். சார்லட்ல இருந்து ரெண்டு மணி நேரம்தான், ஊரே 3,333 அடி உயரத்துல இருக்கு, ஜூலைல கூட சாயங்காலம் ஆனா ஜில்லுனு ஆயிடும், ஸ்வெட்டர் கண்டிப்பா வேணும். 1771ல குடியானவங்க பிரிட்டிஷ் கவர்னர் படையோட மோதித் தோத்த அலமான்ஸ் சண்டைக்கு அப்புறம் பிரிட்டிஷ் ஆட்சி பிடிக்காம மலைக்கு ஓடி வந்த குடும்பங்கள், நடுவுல வேட்டைக்காரரும் புது வழி கண்டவருமான டேனியல் பூன், கடைசில அமெரிக்க சுதந்திரப் போர்ல நடந்த 1780 கிங்ஸ் மவுண்டன் சண்டைன்னு கதை விறுவிறுன்னு போகும். துப்பாக்கி சத்தம், நடனம் எல்லாம் இருக்கு, எட்டு வயசுப் பையன் அசையாம பாப்பான். தியேட்டர் பக்கத்துலயே பழைய மரவீடுகளை வச்சு ஹிக்கரி ரிட்ஜ்னு ஒரு மியூசியம், அந்தக் காலத்துல அடுப்பு எப்படி எரிச்சாங்க, நூல் எப்படி நூத்தாங்கன்னு காட்டுறாங்க.

பகல் பொழுதுக்கு பூன் பக்கம்தான் ஜெயிக்குது, அதுல சந்தேகமே இல்ல. பக்கத்து ப்ளோயிங் ராக்ல 1957ல இருந்து ட்வீட்சி ரயில்ரோடுன்னு ஒரு ரயில் பொழுதுபோக்குப் பூங்கா இருக்கு, 1917ல செஞ்ச 12ஆம் நம்பர் நீராவி இஞ்சின் இன்னமும் ஓடுது, அந்தக் கரிப்புகை வாசனையும் விசில் சத்தமும் சின்னப் பிள்ளைங்களுக்கு அப்படிப் பிடிக்கும். கொஞ்சம் தள்ளி கிராண்ட்ஃபாதர் மலையில தொங்குபாலம், காத்தடிச்சா ஆடும், உயரம்னா பயப்படுறவங்க யோசிச்சுக்கோங்க.

இப்ப செரோக்கி. மூணு மணி நேர டிரைவ், ஸ்மோக்கி மலை தேசியப் பூங்காவோட வாசல்லயே இருக்கு. ஊருக்குள்ள நுழைஞ்சதும் தெருப்பலகைல செரோக்கி எழுத்து இருக்கும். செக்வோயான்னு ஒருத்தர், இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர், 1821 வாக்குல தன் மொழிக்குத் தானே உருவாக்கின எழுத்து அது. தாய்மொழி எழுத்து மேல பிரியம் உள்ள நமக்கு அந்தப் பலகையைப் பாத்தா மனசு கொஞ்சம் நிக்கும், எனக்கு நின்னுச்சு.

நாடகத்துக்கு முன்னாடி பகல்ல ஓக்கோனலுஃப்டி கிராமத்துக்குப் போயிடுங்க, அதை விட்டுட்டு ராத்திரி ஷோ மட்டும் பாக்காதீங்க. 1700களோட செரோக்கி வாழ்க்கையை அப்படியே அமைச்சு வச்சிருக்காங்க. மரத்தை நெருப்பு வச்சுக் கரிச்சுச் சுரண்டிப் படகு செய்யுறது, நீளக் குழல்ல ஊதி அம்பு விடுறது, கூடை பின்னுறது, எல்லாம் கண்ணு முன்னாடி. ஏழு குலத்துக்கு ஏழு பக்கம் வச்ச சபை வீடும் இருக்கு. விளக்குறவங்க அந்த சமூகத்து ஆளுங்க, பாட்டி சொல்லிக்கொடுத்ததுன்னு சொல்லிக்கிட்டே பின்னும்போது பிள்ளைங்க கேள்வி மேல கேள்வி கேக்கும்.

நாடகம் ஸ்பானியர்கள் வந்ததுல தொடங்கி 1838ல ஆயிரக்கணக்கான செரோக்கி மக்களை பட்டாளம் வச்சு மேற்கே நடத்திக் கூட்டிட்டுப் போன கண்ணீர்ப் பாதை வரைக்கும் வருது. வழியிலும் முகாம்லயும் ஏறக்குறைய 4,000 பேர் செத்தாங்கன்னு சொல்வாங்க. மிச்சப்பேர் மலையிலயே இருக்கணும்னு சாலின்னு ஒரு செரோக்கிக்காரர் தானே வந்து உயிரைக் குடுத்தார்ங்கிறதுதான் நாடகத்தோட உச்சம், நிஜ வரலாறு இன்னும் சிக்கலானதுன்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க, பெரிய பிள்ளைங்ககிட்ட அதையும் பேசுங்க. ஆரம்ப காலத்துல முக்கிய வேஷம் பெரும்பாலும் வெள்ளைக்காரங்கதான் கட்டினாங்க. 2006ல பழங்குடி எழுத்தாளர் ஒருத்தர் கையால ஸ்கிரிப்ட் மாறுச்சு, செரோக்கி நடிகர்களும் கூடுனாங்க. தாத்தா பாட்டிக்கு நடந்ததை பேரப்பிள்ளைங்க அதே மலைல நின்னு சொல்றாங்க, அந்த கனம் பூன்ல கிடைக்காது.

அதனால என் கணக்கு இதுதான். ஆறு வயசுக்குக் கீழ பிள்ளை இருந்தா பூன், செரோக்கி நாடகத்துல சாவும் அழுகையும் ஜாஸ்தி, சின்னதுங்க மிரண்டுடும். பத்து வயசுக்கு மேலன்னா யோசிக்காம செரோக்கி. ரெண்டுமே கோடைல மட்டும்தான், எந்தெந்த நாள் ஷோங்கிறது வருஷா வருஷம் மாறும், புக் பண்றதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க. மலைல சாயங்கால மழை சகஜம், ரெயின்கோட் எடுத்துக்கோங்க, குடை பின்னாடி இருக்கிறவங்களுக்கு மறைக்கும். சைவ சாப்பாடு நினைச்ச இடத்துல கிடைக்காது, கூலர்ல தயிர்சாதம் இருந்தா நிம்மதி.

நாலு நாள் லீவு இருந்தா ரெண்டையும் பாருங்க, ப்ளூ ரிட்ஜ் பார்க்வேங்கிற மலை ரோடு ரெண்டு ஊரையும் சேக்குது, கடைசி மைல்கல் 469 செரோக்கி கிட்டதான். வேக வரம்பு 45 மைல்தான், ஒரு முழுப் பகல் ஆகும், 2024 ஹெலீன் புயல்ல ரோடு நிறைய அடிபட்டதால எது திறந்திருக்குன்னு முதல்லயே பாத்துடணும். போறப்ப பூன்ல ஆரம்பிச்சு செரோக்கில முடிங்க. குடியேறினவங்க கதைக்குக் கை தட்டிட்டு வந்த பிள்ளை, மறுநாள் ராத்திரி "அப்ப இவங்க இடத்துக்குத்தானே அவங்க வந்தாங்க?"ன்னு கேக்கும். எங்க வீட்டுல கேட்டுச்சு, ஹோட்டல் போய்ச் சேர்ற வரைக்கும் அதைத்தான் பேசிட்டு வந்தோம்.