பிளெட் ஏரிக்குப் போவதா, போஹின் ஏரிக்குப் போவதா?

ஸ்லோவேனியாவுக்குக் குறைந்த நாட்களில் போகிறவர்கள் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள். இரண்டும் ஜூலியன் ஆல்ப்ஸ் மலைப் பக்கம்தான். இடையே 30 கி.மீ. கூட இல்லை.

பயணம்: தலைநகர் லூப்லியானாவிலிருந்து பேருந்தில் பிளெடுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், போஹினுக்கு ஏறக்குறைய இரண்டு.

பார்க்க: பிளெடில் ஏரி நடுவே தீவு, அதில் தேவாலயம். பிளெட்னா என்ற மரப்படகில் போகலாம். படகோட்டி நின்றபடியே இரண்டு துடுப்பையும் தள்ளுவார். இறங்கினால் 99 படிகள். மாப்பிள்ளை மணப்பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஏறுவது அங்கே வழக்கம். நமக்குக் கைப்பையே போதும். மேலே மணியடித்து வேண்டிக்கொள்ளலாம். போஹினில் தீவு கிடையாது. 78 மீட்டர் சவித்சா அருவியும், வோகெல் மலைக்கு 1,535 மீட்டர் வரை ஏறும் கேபிள் காரும் உண்டு.

சுற்றி நடக்க: பிளெட் 6 கி.மீ., போஹின் அதைப் போல இரு மடங்கு.

செலவு, கூட்டம்: இரண்டிலும் பிளெட்தான் கூடுதல்.

பெரியவர்களோடு போனால், படம் எடுக்க ஆசை என்றால் பிளெட். நடக்கவும் நீந்தவும் பிடித்தவர்களுக்கு போஹின். என்னைக் கேட்டால் போஹினில் தங்கிவிட்டு, ஒரு காலை மட்டும் பிளெடுக்குப் போய் அந்த ஊர் க்ரீம் கேக்கைச் சாப்பிட்டு வரலாம்.