பக்கத்து ஆஸ்பத்திரியா, பெரியாஸ்பத்திரியா? நோய்க்கு நோய் மாறும் தூரம்

"உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி எது?" என்று கேட்டால் எல்லோரும் ஒரு பெயரும் ஒரு கிலோமீட்டர் கணக்கும் சொல்வார்கள். காய்ச்சலுக்கு அந்தப் பதில் போதும். நடுராத்திரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கும், வரப்பில் பாம்பு கடித்தவருக்கும், பிள்ளை பெற்றபின் ரத்தம் நிற்காதவருக்கும் போதாது. இந்த மூன்று பேருக்கும் பக்கத்து ஆஸ்பத்திரி ஒரே கட்டடம் இல்லை.

ஒரு சமவெளிக் கிராமத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 4 கிலோமீட்டரில் ஆரம்ப சுகாதார நிலையம், 20 கிலோமீட்டரில் தாலுகா ஜி.எச்., 55 கிலோமீட்டரில் மெடிக்கல் காலேஜ். சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று, மலையில் 20,000 பேருக்கு ஒன்று என்பது சுகாதார நிலையத்துக்கான அரசுக் கணக்கு. அது தலையை எண்ணும் கணக்கு, பாதையை எண்ணுவதில்லை. 2022 ஜனவரியில் அரியலூர், ராமநாதபுரம், கள்ளக்குறிச்சி, நீலகிரி உள்பட 11 மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தபின் மூன்றாவது தூரம் பல ஊர்களுக்குச் சுருங்கியது. ஆனாலும் மூன்றில் எங்கே வண்டியைத் திருப்புவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

கிலோமீட்டரா, நிமிடமா

வரைபடத்தில் நேர்கோடு போட்டால் 10 கிலோமீட்டர் வருகிற இடம், சமவெளிச் சாலையில் ஏறக்குறைய 13 ஆகிவிடும். மலையில் இந்தப் பெருக்கல் செல்லாது. வால்பாறையிலிருந்து பொள்ளாச்சி சுமார் 65 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவுகள். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்தில் முடிகிற தூரம், அங்கே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடிக்கிறது. கொல்லிமலைக்கு 70 வளைவுகள். சமவெளியிலும் மூடிய ரயில்வே கேட், மழையில் முழுகிய தரைப்பாலம், சந்தை நாள் நெரிசல் என்று நிமிடங்கள் கரையும். அதனால் உங்கள் வழியை இரண்டு தடவை அளந்து வையுங்கள்: ஒன்று பின்னிரவில், இன்னொன்று சந்தை நாள் மாலையில். இரண்டில் பெரியதைத்தான் நம்ப வேண்டும்.

அந்த நிமிடத்தோடும் வேலை முடியவில்லை. வாசலைத் தொட்ட நிமிடம் வேறு, மருந்து உடம்பில் ஏறிய நிமிடம் வேறு. ஒப்பிட வேண்டியது இரண்டாவதை.

நெஞ்சுவலி: நடு ஆஸ்பத்திரிக்கே முதலிடம்

மாரடைப்பு வந்தால் நேரே கேத் லேப் (இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்கும் கூடம்) உள்ள பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும் என்பது பலரின் எண்ணம். பக்கத்திலேயே இருந்தால் அது சரி. அடைப்பை பலூன் வைத்துத் திறப்பதுதான் சிறந்த சிகிச்சை. ஆனால் முதல் டாக்டர் பார்த்த நேரத்திலிருந்து 120 நிமிடத்துக்குள் பலூன் போகும் என்றால்தான் காத்திருக்கலாம். 55 கிலோமீட்டருக்கு 75 நிமிடம், அங்கே குழுவைக் கூட்டி லேபைத் தயார்செய்ய ஒரு மணி நேரம் என்று வைத்தாலே கெடு தாண்டிவிடுகிறது.

20 கிலோமீட்டர் ஜி.எச்.சில் கணக்கு வேறு. அரை மணியில் போய்ச் சேரலாம். வந்த 10 நிமிடத்தில் இ.சி.ஜி., 30 நிமிடத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி என்பது விதி. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 லட்சம் யூனிட்டை அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை டிரிப்பில் ஏற்றுவார்கள். டெனெக்டிபிளேஸ் என்றால் எடைக்குத் தக்கபடி ஒரே ஊசி. வலி தொடங்கி முதல் 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் முழுப் பலன். அதன்பின் ஆம்புலன்ஸில் ஏற்றி, 24 மணி நேரத்துக்குள் பெரியாஸ்பத்திரியில் ஆஞ்சியோ பார்த்துக்கொள்ளலாம். உங்கள் தாலுகா ஜி.எச்.சில் இந்த ஊசி இரவிலும் போடுகிறார்களா என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே போய்க் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

4 கிலோமீட்டர் சுகாதார நிலையம் இங்கே பயனற்றது என்று ஒதுக்கிவிடக் கூடாது. 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் முதல் தவணை மாத்திரைகள் அங்கேயே கொடுக்கிறார்கள். ஆஸ்பிரின் 150 மி.கி. 2, குளோபிடோக்ரல் 75 மி.கி. 4, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. 8, ஆக ஒரே வாயில் 14 மாத்திரைகள். இதை வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டு தானாக விழுங்குவது ஆபத்து. வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்தாலும், மகாதமனி கிழிந்தாலும் இதே இடத்தில்தான் வலிக்கும், அப்போது இந்த மாத்திரையே உயிரை எடுத்துவிடும். நிலையம் போகிற வழியில் இருந்தால் நின்று, இ.சி.ஜி. எடுத்து, மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்புங்கள். எதிர்த்திசையில் இருந்தால் அதற்காகத் திரும்ப வேண்டாம்.

பாம்புக்கடி: இங்கே பக்கம்தான் ஜெயிக்கும்

பாம்புக்கடியில் தூரத்துப் பெரியாஸ்பத்திரியைத் தேடி ஓடுவதுதான் அதிகம் நடக்கிற தவறு. விஷமுறிவு மருந்து எங்கே முதலில் கிடைக்குமோ அங்கே போக வேண்டும். உறைந்த தூளாக வரும் இந்த மருந்துக்குப் பெரிய குளிர்பதனக் கிடங்கு தேவையில்லை. 10 மி.லி. திரவத்தில் கரைத்து ஏற்றுகிற பொருள், சுகாதார நிலையத்திலேயே வைக்கலாம், வைக்கிறார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்துதான். அதனால் எந்தப் பாம்பு என்று தேடி அடித்து எடுத்துவர வேண்டிய அவசியமே இல்லை.

கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ கடித்தால் ரத்தம் உறையாது. அதைக் கண்டுபிடிக்க லேப் வேண்டாம், ஒரு கண்ணாடிச் சோதனைக்குழாய் போதும். 2 மி.லி. ரத்தத்தை அதில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்ப்பார்கள். கட்டியாகி நின்றால் உறைகிறது. தண்ணீராய் ஓடினால் விஷம் ஏறிவிட்டது, முதல் தவணை 8 முதல் 10 குப்பி. இந்த எளிய சோதனை கெட்டுப்போவதும் எளிதுதான். சோப்புப்பொடி போட்டுக் கழுவிய குழாயிலும், பிளாஸ்டிக் குழாயிலும் நல்ல ரத்தமே உறையாமல் நிற்கும். புதிய, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயாக இருக்க வேண்டும். ஒரு பெட்டிக் குழாய்களுக்கு ஆகும் செலவு சொற்பம். அது அலமாரியில் இல்லாமல் ஓர் உயிர் போவதை எந்த ஊரும் ஏற்கக் கூடாது.

கட்டுவிரியன் கதை வேறு. தரையில் படுத்துத் தூங்குபவரை இரவில் கடிக்கும். பல் பட்ட இடம் வீங்காது, சில நேரம் தெரியவே தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்பார்கள், பிறகு இமை தூக்க முடியாது, பிறகு மூச்சுத் தசைகள் ஓயும். இவருக்கு மருந்தோடு வென்டிலேட்டரும் வேண்டும். ஆகவே பக்கத்தில் முதல் தவணையைத் தொடங்கிவிட்டு, வழியெல்லாம் ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) அழுத்த ஆளோடு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவதே முறை. "ஒவ்வாமை வந்துவிடும்" என்று பயந்து மருந்து தொடங்காமல் ரெஃபர் சீட்டு எழுதுவதுதான் இதில் நடக்கும் பெரும்பிழை. ஒவ்வாமைக்கு அட்ரினலின் 0.5 மி.கி. தொடையில் போடத் தயாராக வைத்துக்கொண்டால் போதும்.

வீட்டில் செய்ய வேண்டியது: மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு எல்லாவற்றையும் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள். கடிபட்ட கால் அசையாதபடி ஒரு கட்டையை வைத்துத் துணியால் தளர்வாகச் சுற்றுங்கள். நடக்க விடாதீர்கள். பைக்தான் இருக்கிறது என்றால் ஓட்டுபவருக்கும் பின்னால் ஒருவருக்கும் நடுவில் உட்கார வைத்துப் போங்கள்.

பக்கவாதம்: சி.டி. இல்லாத இடத்தில் நிற்க வேண்டாம்

கோணிய வாய், தூக்க முடியாத கை, குழறும் பேச்சு. இங்கே மட்டும் பக்கத்து இரண்டையும் கடந்து போவதே நியாயம். அடைப்பா, கசிவா என்று சி.டி. ஸ்கேன் பார்க்காமல் யாரும் ஊசி போட முடியாது, போடவும் கூடாது. கரைக்கும் ஊசிக்குக் கெடு நாலரை மணி நேரம். கணக்கு தொடங்குவது நீங்கள் கண்ட நேரத்திலிருந்து அல்ல, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. வழியில் செய்யத்தக்க ஒன்றே ஒன்று, விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது. சர்க்கரை தாழ்ந்தாலும் அச்சு அசலாக இப்படித்தான் தெரியும்.

பிரசவம்: நாளைத் தெரிந்துகொண்டே தூரத்தைக் குறைக்கலாம்

சுகப்பிரசவத்துக்குச் சுகாதார நிலையம் நல்ல இடம். ஆனால் பிள்ளை பிறந்தபின் பெருகும் ரத்தம் இரண்டு மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடக் கூடியது. ஆக்சிடோசின் 10 யூனிட் எந்த நிலையத்திலும் போடலாம், ரத்தம் ஏற்றவும் ஆபரேஷன் செய்யவும் சீமாங் மையம் (அவசரப் பிரசவ சிகிச்சை மையம்) வேண்டும். முந்தைய சிசேரியன், கீழிறங்கிய நஞ்சுக்கொடி, இரட்டைப் பிள்ளை, கடும் ரத்தசோகை, அரிய ரத்த வகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் பேறுகாலத்தை சீமாங் மையத்தில் வைத்துக்கொள்வதே சரி. மலைக் கிராமங்களில் தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகவே பிரசவக் காத்திருப்பு அறையில் வந்து தங்கிவிட வேண்டும். எல்லா அவசரங்களிலும் நாள் முன்கூட்டியே தெரிந்த அவசரம் இது ஒன்றுதான்.

சாலை விபத்தைப் பற்றி நிறைய சொல்ல வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் முதல் 48 மணி நேரம் கட்டணமில்லாத சிகிச்சை உண்டு, காப்பீட்டு அட்டை கேட்கக் கூடாது. பணத்துக்குப் பயந்து அரசு ஆஸ்பத்திரியைத் தேடிக் கூடுதலாக 30 கிலோமீட்டர் போகாதீர்கள்.

108ஆ, சொந்த வண்டியா

108 வந்து சேர 15 நிமிடம், ஏற்ற 5 நிமிடம் என்றால், வாசலில் நிற்கும் கார் 20 நிமிடம் முந்திவிடும். பாம்புக்கடிக்கு, 4 கிலோமீட்டருக்கு, அந்த 20 நிமிடம் பெரிது: காரை எடுங்கள். நெஞ்சுவலிக்கு 20 கிலோமீட்டர் என்றால் ஆம்புலன்ஸ்தான். இதயத்துடிப்பு தாறுமாறானால் காரின் பின்சீட்டில் எதுவும் செய்ய முடியாது. வண்டி தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால், காரில் கிளம்பி வழியில் ஓர் ஊரைக் குறித்துச் சந்திப்பதாகப் போனிலேயே சொல்லிவிடலாம்.

மலையிலிருந்து நெடுந்தூரம் அனுப்பும்போது ஆக்சிஜன் கணக்கைக் கேளுங்கள். 1,500 லிட்டர் பி-டைப் சிலிண்டர் நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் 150 நிமிடம் வரும், 15 லிட்டர் வீதம் 100 நிமிடம்தான். இரண்டு மணி நேரப் பாதைக்கு இன்னொன்று ஏறாமல் வண்டி நகரக் கூடாது.

கிளம்பும் முன் ரெஃபர் சீட்டை வாங்கிப் படியுங்கள். என்ன மருந்து, எத்தனை அளவு, எத்தனை மணிக்கு என்ற மூன்றும் அதில் இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் இ.சி.ஜி. தாளையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் அடுத்த கேசுவால்டியில் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.