ஊட்டிக் குளிரில் ஈஸ்டா, கல்லீரல் செல்லா?

கொழுப்பு மிஞ்சினால் செல்லுக்குள் என்ன கெடுகிறது என்பதைப் பார்க்க, எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு வழிகளையும் முயன்றோம். ஒன்று, மனிதக் கல்லீரல் கட்டியிலிருந்து வந்த ஹெப்-ஜி2 செல்கள். இன்னொன்று, பேக்கரியில் மாவு பொங்க வைக்கும் அதே ஈஸ்ட். முதலாவதோடு ஒன்றரை வருடம் மல்லுக்கட்டினேன். இப்போது மூன்றாவது வருடமாக ஈஸ்ட்தான். உதகையிலோ கோத்தகிரியிலோ எம்.எஸ்ஸி. மாணவர்களை வைத்து இந்த வேலையைத் தொடங்க நினைக்கிறவர்களுக்கு இது உதவட்டும்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். ஈஸ்ட் மலிவு. 30 டிகிரியில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும். ஹெப்-ஜி2க்குக் கிட்டத்தட்ட இரண்டு நாள் வேண்டும். ஈஸ்டின் மரபணுத் தொகுப்பு 1996-லேயே முழுதாகப் படிக்கப்பட்டுவிட்டது. மொத்தம் சுமார் 6,000 மரபணுக்கள். அவற்றில் வேண்டியதை மட்டும் நீக்கிய ரகங்கள் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. எலி வளர்ப்பதென்றால் விலங்குக் கூடம், நெறிக்குழு அனுமதி என்று போகும். எங்களைப் போன்ற சிறிய துறைக்கு அது எட்டாது.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் முக்கால் பங்குதான். இந்த ஊர்ச் சமையலறைகளில் பருப்பு வேகத் தாமதமாவதற்கும் இதுவே காரணம்; தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவிலும் அதே கதை. புத்தகத்தில் போட்டிருக்கிற 15 பவுண்டு அழுத்தத்தை அப்படியே வைத்தால் உள்ளே 121 டிகிரி வராது, 117-ஐ ஒட்டி நின்றுவிடும். முள் 18, 19 பவுண்டுக்குப் போக வேண்டும். உங்கள் பாத்திரம் அதைத் தாங்குமா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இது இரண்டு வழிக்கும் பொது.

செல் வளர்ப்பில் இதற்கு மேல் கார்பன் டை ஆக்சைடும் சேர்கிறது. இன்குபேட்டரில் எல்லோரும் 5 சதவீதம் வைப்பார்கள், நாங்களும் வைத்தோம். மலைக்கு மேலே காற்றே மெலிந்திருப்பதால், அதே 5 சதவீதத்தில், செல்கள் வளரும் சத்துத் திரவமான மீடியத்தில் கரையும் வாயு குறைந்துவிடுகிறது, மீடியம் காரத்தன்மை அடைகிறது. அது நிறத்திலேயே தெரியும். செம்மஞ்சளாக இருக்க வேண்டிய மீடியம் ஒவ்வொரு நாள் காலையிலும் ரோஜா நிறத்தில் இருக்கும். வாங்கிய மீடியத்தில்தான் குறை என்று நினைத்து இரண்டு மாதம் வீணாக்கினோம். 6.5 சதவீதத்துக்கு ஏற்றிய பிறகுதான் நிறம் நின்றது.

அப்புறம் திரவ நைட்ரஜன். உறைய வைத்த செல்களை நீண்ட காலம் காப்பாற்ற மைனஸ் 196 டிகிரி வேண்டும். நைட்ரஜன் தானாக ஆவியாகிக்கொண்டே இருக்கும், கோயமுத்தூரிலிருந்து வண்டி வந்து நிரப்பியாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் வண்டி கோத்தகிரி வழியாகச் சுற்றி வரும், அதுவும் அடைத்தால் வராது. ஒரு நவம்பரில் அப்படித்தான் ஆனது. கேனைத் திறந்தபோது அடியில் ஒரு சொட்டுகூட இல்லை. பதினொரு மாத வேலை அந்தக் குப்பிகளில் இருந்தது. கூட நின்ற மாணவி மூடியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதுவிட்டாள்.

ஈஸ்ட் இந்த விஷயத்தில் வேறு ஜாதி. கிளிசரால் கலந்து மைனஸ் 80-இல் வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும். அன்றாட வேலைக்கு கூழ் போல் உறைந்த அகர் தட்டில் வளர்த்து சாதாரண ஃபிரிட்ஜில் வைத்தால் சில வாரங்கள் தாங்கும். போன தை மாதம் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. வெளியே புல்லெல்லாம் உறைபனி. ஆய்வக அறையே ஃபிரிட்ஜ் போல இருந்ததால் தட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாணவர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். சோதனைக்காக வடிதாளில் உலர்த்திச் சாதாரணத் தபாலில் ரகத்தை அனுப்புவதும் உண்டு.

மலையில் செல் வளர்க்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையம், வெறிநாய்க்கடித் தடுப்பூசியை, குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்த வீரோ செல்களில் தயாரித்திருக்கிறது. ஆனால் அது அதற்கென்றே ஆட்களும் கருவிகளும் உள்ள பெரிய இடம். ஒரு கல்லூரித் துறையின் கதை வேறு.

சரி, மலிவாகவும் பத்திரமாகவும் இருந்தால் போதுமா, கேள்விக்குப் பதில் கிடைக்குமா? கிடைக்கிறது. ஈஸ்டும் நம்மைப் போலவே உபரிக் கொழுப்பைத் துளிகளாக்கிச் சேமிக்கிறது. டிஜிஏ1, எல்ஆர்ஓ1, ஏஆர்இ1, ஏஆர்இ2 என்ற நான்கு மரபணுக்களையும் நீக்கினால் துளியே உருவாகாது. ஆனாலும் சாதாரண மீடியத்தில் ஈஸ்ட் பிழைத்துக்கொள்ளும். கொழுப்பில் ஒட்டும் நைல் ரெட் சாயம் போட்டு ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்த்தால் சாதாரண ஈஸ்டில் மணி மணியாக மின்னும், இதில் ஒன்றும் தெரியாது. இரண்டையும் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, ஐந்து சொட்டுகளாக வரிசையாக வைப்போம். வெறும் தட்டில் இரண்டு வரிசையும் வளரும். ஒலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் சேர்த்த தட்டில் துளியில்லாத வரிசை, முதல் சொட்டில் மங்கலாக ஒரு படலத்தோடு நின்றுவிடும். சேமிக்க இடமில்லாத கொழுப்பு சவ்வுகளுக்குள் புகுந்து செல்லையே கெடுக்கிறது. கொழுப்புத் துளி நோயின் அடையாளம் மட்டுமல்ல, செல்லுக்குப் பாதுகாப்பும்கூட என்பதை என் மாணவர்கள் மூன்றே நாளில் கண்ணால் பார்த்துவிடுகிறார்கள். உடலில் கொழுப்பே தங்காத ஒரு பரம்பரை நோய்க்குக் காரணமான செய்பின் புரதத்துக்கும் ஈஸ்டில் இணை உண்டு. அதை இழந்த ஈஸ்டை மனித செய்பின் சரிசெய்கிறது என்று 2008-இல் காட்டினார்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒலியிக் அமிலம் தண்ணீரில் கரையாது என்று, கரைக்க உதவும் ட்வீன் 80 சேர்த்துவிடாதீர்கள். அதிலேயே ஒலியிக் அமிலம் இருக்கிறது, ஒலியிக் சேராத ஒப்பீட்டுத் தட்டும் கெட்டுவிடும்.

ஈஸ்டின் குறையையும் சொல்ல வேண்டும். நம் செல்களை அதிகம் கொல்வது பால்மிடிக் அமிலம் போன்ற பூரிதக் கொழுப்பு. ஒலியிக் அமிலம் அதை துளிக்குள் தள்ளி செல்லைக் காப்பாற்றுகிறது. துளியில்லாத ஈஸ்டில் ஒலியிக்கே விஷம். ஈஸ்ட் கொழுப்பை எரிப்பதும் பெராக்சிசோம் என்ற செல் உறுப்பில் மட்டும்தான், நம் செல்களைப் போல மைட்டோகாண்ட்ரியாவிலும் அல்ல. எனவே ஈஸ்டில் கண்டதை நேராகக் கொழுப்புக் கல்லீரல் நோயாளிக்குப் பொருத்திவிட முடியாது. இன்சுலின் பற்றிய கேள்வி என்றால் ஈஸ்டைத் தொடவே வேண்டாம். ஹெப்-ஜி2 பற்றி நான் சொல்வது ஒன்றரை வருட அனுபவம்தான். நல்ல ஜெனரேட்டரும் முழுநேர உதவியாளரும் இருக்கும் இடத்தில் கணக்கு மாறலாம்.

நாங்கள் இப்போது ஈஸ்டிலேயே ஆராய்கிறோம். உறுதியாகத் தெரியும் இரண்டு மூன்று மரபணுக்களை மட்டும் கோயமுத்தூரில் செல் வளர்க்கும் நண்பரிடம் கொண்டுபோய் கல்லீரல் செல்லில் சரிபார்க்கிறோம். காலை ஏழு மணி பஸ்ஸில் இறங்கினால் மாலைக்குள் மேலே வந்துவிடலாம்.