வாட்டு வாசலில் ஸ்டோமா பேக் வாங்கி ஏமாந்தோம்

குடல் சத்திரசிகிச்சை முடிந்து, வயிற்றில் பேக்குடன் மலையகத்திற்குத் திரும்பவிருக்கும் நோயாளிகளும் அவர்களை அழைத்துப் போக வரும் உறவினர்களும், பேக் விற்க யாராவது தானாக வந்து பேசினால் காசை எடுப்பதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள்.

எனக்குக் குரோன்ஸ் நோய்; குடலில் நீண்டகால அழற்சியை உண்டாக்கும் நோய் அது. 2024 நவம்பரில் சிறுகுடலின் கடைசிப் பகுதி சுருங்கி அடைபட்டு, அருகே சீழும் கட்டியிருந்ததால், கண்டியிலுள்ள ஓர் அரசாங்க வைத்தியசாலையில் அவசரமாக அந்தப் பகுதியை வெட்டி அகற்றினார்கள். சீழ் இருக்கும்போதே குடலை இணைத்தால் தையல் விட்டுப்போகலாம் என்பதால், சில மாதங்களுக்குச் சிறுகுடலின் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். அதுதான் ஸ்டோமா; அதிலிருந்து வருவதைச் சேர்க்க வயிற்றில் ஒட்டும் பைதான் பேக். வைத்தியர்கள் மீதோ, மிஸ்ஸி என்று நாங்கள் அழைக்கும் தாதியர் மீதோ எனக்கு எந்தக் குறையும் இல்லை.

வீட்டுக்கு அனுப்பிய நாளில் வாட்டு வாசலில் ஒருவர் என் மனைவியிடம் வந்து, "மிஸ்ஸி சொல்லித்தான் வந்தேன் அக்கா. சேருக்கு ரெண்டு மாசத்துக்கு எடுத்துட்டுப் போயிருங்க, ஹட்டன் பக்கம் கிடைக்காது" என்றிருக்கிறார். எந்த மிஸ்ஸியும் அவரை அனுப்பவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் காட்டிய கடையில், ஒன்று 1,400 ரூபாய் வீதம் 30 பேக்குகளை வாங்கினோம். அப்போது தோட்டத்தில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய்; என் அம்மா நாள் முழுவதும் கொழுந்து பறித்தாலும் அந்தச் சம்பளத்தில் ஒரு பேக் வராது.

மோசம் பேக்கின் அடிப்பக்கத்தில் இருந்தது. சிறுகுடல் ஸ்டோமாவிலிருந்து கஞ்சி போன்ற திரவம் இரவு பகல் பாராமல் வந்துகொண்டே இருக்கும். ஆகவே அடியைத் திறந்து வடித்துவிட்டு மீண்டும் மூடக்கூடிய பேக்தான் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் வடித்துவந்தால், ஒட்டியதை இரண்டு மூன்று நாட்களுக்கு அப்படியே விடலாம். எங்களுக்கு விற்றதோ அடி மூடிய பேக். பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் ஸ்டோமா வைத்து, மலம் கட்டியாகப் போகிறவர்களுக்கானது அது. நிரம்பும் ஒவ்வொரு தடவையும் உரித்து எறிய வேண்டியிருந்ததால், இரண்டு மாதத்திற்கென்று வாங்கியவற்றில் 22 பேக்குகள் ஒரே வாரத்தில் தீர்ந்தன.

பெட்டியில் காலாவதித் திகதியின் மேல் வேறொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததை மகள்தான் கவனித்தாள். நகத்தால் சுரண்டியபோது, அதன் கீழே முந்தைய ஆண்டின் திகதி இருந்தது. பசை காய்ந்துபோன பேக் தோலில் பிடிக்காமல் ஓரத்தால் கசிந்தது. சிறுகுடல் நீரில் சமிபாட்டு நொதியங்கள் இருப்பதால், அது பட்ட தோல் வெந்ததுபோல் சிவந்து உரிந்தது. கினிகத்தேனை வளைவுகளில் பஸ்ஸுக்குள் ஒரு பேக் கழன்றதைப் பற்றி இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

பேக் நிரம்பிவிடும் என்ற பயத்தில் தண்ணீரைக் குறைத்ததுதான் நானாகச் செய்த பிழை. ஸ்டோமா வழியே நீரோடு உப்பும் வெளியேறுவதால், தலைசுற்றி, கெண்டைக்கால் இழுத்து, மீண்டும் வாட்டில் படுத்துச் சேலைன் ஏற்றவேண்டி வந்தது. வெறும் தண்ணீர் போதாது, ஜீவனி என்ற உப்பு, சீனி கலந்த தூளைக் கரைத்துக் குடிக்கவேண்டும் என்று அப்போது சொன்னார்கள்.

மிஞ்சிய எட்டையும் திருப்பிக் கொடுக்கப் போனபோது, கடைக்காரர் "மருந்துச் சாமான் திருப்பி எடுக்கிறதில்ல" என்று முடித்துவிட்டார். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்திற்கு அழைத்தபோது, முதலில் கேட்டது பற்றுச்சீட்டைத்தான். எங்களிடம் இருந்ததோ கடையின் பெயரில்லாத ஒரு துண்டுக் கடதாசி.

சத்திரசிகிச்சைக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரங்கள்வரை ஸ்டோமா சுருங்கிக்கொண்டே போகும் என்பதால், சரியான பேக்காக இருந்தாலும், ஸ்டோமாவுக்கான துளை அதில் முன்கூட்டியே வெட்டப்பட்டிருந்தால் மொத்தமாக வாங்குவது வீண். பிறகு மிஸ்ஸியே அளவெடுத்து, பேக்கின் வகையையும் மில்லிமீற்றர் அளவையும் எழுதித் தந்தார். அந்தச் சீட்டைக் காட்டி, பெட்டியைப் பிரித்துப் பார்த்து, ஐந்தைந்தாகப் பற்றுச்சீட்டுடன் வாங்கினோம். பத்து நாட்களில் தோல் ஆறியது.

சென்ற மாதம் கிளினிக்குக்குப் போனபோது, அதே ஆள் அதே வாசலில் ஒரு வயதான அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் அருகில் போய் நின்றதும் பேச்சை நிறுத்திவிட்டார்.