ஒரே டிக்கெட் என்று நம்பி வாங்கினேன், அது இரண்டு டிக்கெட்

இடையில் ஒரு பெரிய விமான நிலையத்தில் இறங்கி வேறு விமானம் மாறும் பயணத்துக்கு, இணையத்தில் மலிவாக டிக்கெட் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். நான் படிக்க வேண்டியதைப் படிக்காமல் பணம் கட்டியவன்.

அம்மாவும் நானும் போன பயணம். பல விமான நிறுவனங்களின் டிக்கெட்டுகளையும் சேர்த்து விற்கும் ஓர் இணையதளத்தில் எடுத்தேன். மற்ற இடங்களைவிட விலை நன்றாகவே குறைவு. திரையில் ஒரே பயணமாகத்தான் காட்டியது: கிளம்பும் ஊர், நடுவில் 3 மணி 50 நிமிடக் காத்திருப்பு, போய்ச் சேரும் ஊர். பணம் கட்டியதும் ஒரே முன்பதிவு எண் வந்தது. இரண்டு நிறுவனங்களின் தனித்தனி டிக்கெட்டுகளை ஒட்டவைத்து விற்றிருக்கிறார்கள், அந்த எண் விமான நிறுவனத்தின் எண்ணே இல்லை, அந்த இணையதளம் தன் வசதிக்கு வைத்துக்கொண்ட எண் என்பது பிறகுதான் தெரிந்தது.

கிளம்பும் இடத்தில் முதல் விமானத்துக்கு மட்டும் போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். கேட்டதற்கு, "அடுத்தது அங்க போய் வாங்கிக்கோங்க" என்றார் கவுண்டரில் இருந்தவர். பெட்டியில் ஒட்டிய பட்டையை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அதில் போய்ச் சேரும் இடமாக நடு ஊர் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடுதான் இருந்திருக்கும்.

விமானம் 45 நிமிடம் தாமதம். இறங்கியபோது மணி 2.45. அடுத்த விமானம் 5.50க்கு, மூன்று மணி நேரம் இருக்கிறதே என்று நிம்மதியாகத்தான் இருந்தேன். விமான நிலையத்தின் ஒரு கோடியில் நிறுத்திவிட்டு பேருந்தில் ஏற்றினார்கள். கட்டடத்துக்குள் வர 3.10. 'டிரான்ஸ்ஃபர்' என்ற பலகையைப் பார்த்துப் போய் வரிசையில் நின்றோம். முப்பது நிமிடம். முன்னால் இருந்த குடும்பத்தில் யாருடைய பையிலோ இருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கச் சொல்லி ஒரு பஞ்சாயத்து. எங்கள் முறை வந்தபோது அங்கிருந்த பெண் ஊழியர் எங்கள் தாளைப் பார்த்தார், பெட்டிப் பட்டையின் துண்டைப் பார்த்தார். எங்கள் பயணம் இந்த ஊரோடு முடிந்துவிட்டது என்றார். பெட்டி வருகைப் பகுதியில் சுற்றிக்கொண்டிருக்கும், அதை எடுத்துக்கொண்டு வெளியே போய், இன்னொரு முனையத்தில் புதிதாகப் பயணம் தொடங்குகிறவர் போல செக்-இன் செய்ய வேண்டுமாம்.

"ஏன்டா, பெட்டி தானா போயிடும்னு சொன்னியே?" என்றார் அம்மா. பதில் சொல்லத் தெரியவில்லை.

இதில் உள்ள பெரிய வில்லங்கம் பலருக்குத் தெரியாது. விமானம் மாறுபவர்கள் குடியேற்றச் சோதனையைத் தாண்டாமல் உள்பக்கமே இருந்தால் பல நாடுகளில் விசா கேட்க மாட்டார்கள். ஆனால் பெட்டி வரும் பெல்ட் அந்தச் சோதனைக்கு அப்பால் இருக்கிறது. பெட்டியை எடுக்க வேண்டுமென்றால் அந்த நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும், நுழைய விசா வேண்டும். எங்கள் பாஸ்போர்ட்டுக்கு அந்த நாடு வந்திறங்கிய இடத்திலேயே விசா தந்தது, அது எங்கள் அதிர்ஷ்டம். தராத நாடாக இருந்தால் பெட்டி ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். அந்த இணையதளம் எங்களை எச்சரிக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். எச்சரித்திருந்தது, விவரத்தை விரித்தால் நாலாவது வரியில் சாம்பல் நிற எழுத்தில்.

விசா கவுண்டர், கட்டணம், மறுபடி குடியேற்ற வரிசை. வளைந்து வளைந்து போகும் அந்தக் கயிற்று வரிசையில் ஒரே முகங்களை எதிரும் புதிருமாகப் பத்து தடவை பார்த்தோம். பத்து கவுண்டரில் மூன்றில்தான் ஆள். அம்மாவுக்கு முட்டிவலி. வெளியே வந்தபோது 4.30. பெட்டிகளை யாரோ பெல்ட்டிலிருந்து எடுத்து ஓரமாக வைத்திருந்தார்கள். அடுத்த முனையத்துக்கு உள்ரயில் பிடித்து, லிஃப்ட் தேடி, கவுண்டர் முன் மூச்சு வாங்க நின்றபோது 4.58. செக்-இன் கிளம்புவதற்கு 60 நிமிடம் முன்னால், அதாவது 4.50க்கே மூடியாகிவிட்டது. எட்டு நிமிடம். விமானம் எங்கேயும் போகவில்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தது.

இரண்டாவது நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் கணக்கில் நாங்கள் நேரத்துக்கு வராத பயணிகள், அவ்வளவுதான். முதல் நிறுவனமோ, இந்த ஊர் வரை கொண்டுவந்து விடுவதுதான் எங்கள் வேலை, விட்டுவிட்டோம் என்றது. அதுவும் சரிதான். ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் கதையே வேறு. தாமதத்தால் இணைப்பு விமானம் தவறினால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பாடு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி செல்லுபடியாகும் பயணங்களில், ஒரே முன்பதிவு என்றால் கடைசி ஊருக்குச் சேர்ந்த நேரத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், நிறுவனத்தின் கையை மீறிய காரணம் இல்லாத பட்சத்தில், தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ இழப்பீடு உண்டு. இரண்டு டிக்கெட் என்றால் 45 நிமிடம் வெறும் 45 நிமிடம்தான்.

இன்னொரு இடி, திரும்பி வரும் டிக்கெட். போகும் பயணத்தில் ஏறாவிட்டால் அதே டிக்கெட்டில் உள்ள மீதிப் பயணங்கள் தானாக ரத்தாகிவிடும் என்று கவுண்டர் பெண்தான் சொன்னார். அவருக்குப் புண்ணியம். புது டிக்கெட்டை எடுக்கும்போதே கட்டணம் கட்டி அதைக் காப்பாற்றிக்கொண்டோம். அந்தப் பதற்றத்தில் கார்டு இயந்திரம் 'உங்கள் நாட்டுப் பணத்திலா, இந்த நாட்டுப் பணத்திலா' என்று கேட்டதற்கு நம் நாட்டுப் பணத்தை அழுத்திவிட்டேன். அதை அழுத்தவே கூடாது. கடைக்காரர் பக்கத்து வங்கி தன் இஷ்டத்துக்கு மாற்று விகிதம் போட்டுக்கொள்ளும்.

எனக்கு உண்மையில் வயிறு எரிவது இதற்காக: 'இணைப்பு உத்தரவாதம்' என்று ஒன்றை அந்த இணையதளத்தில் கூடுதல் பணம் கட்டி வாங்கியிருந்தேன். இணைப்பு தவறினால் மாற்று டிக்கெட் தருவார்களாம். நிபந்தனை என்னவென்றால் முதலில் அவர்களிடம் சொல்லி, அவர்கள் காட்டும் மாற்று வழிக்குக் காத்திருக்க வேண்டும். நானே டிக்கெட் எடுத்துவிட்டதால் உத்தரவாதம் செல்லாதாம். சொல்வதற்கு நான் முயலாமல் இல்லை. அரட்டைப் பெட்டியில் ஒரு இயந்திரம் 'உங்கள் பிரச்சினை புரிகிறது' என்று ஆறு முறை சொன்னது.

தொலைபேசி எண் கிடைக்குமா என்று தேடியபோது முதலில் வந்த விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். ஒருவர் மிக மரியாதையாகப் பேசினார். முழுப் பணமும் வந்துவிடும் சார், போனில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டு கார்டு எண்ணைச் சொல்லுங்கள் என்றார். அம்மா பக்கத்தில் இருந்து, "காசு குடுக்கறவனுக்கு உன் கார்டு நம்பர் எதுக்குடா?" என்றார். வைத்துவிட்டேன். அது போலி எண். நிஜ இணையதளத்துக்கு வாடிக்கையாளர் சேவைத் தொலைபேசி எண்ணே கிடையாது என்பது வேறு விஷயம்.

புது விமானம் மறுநாள் காலை. கைப்பிடி வைத்த நாற்காலிகள், யாரும் கால் நீட்டிப் படுத்துவிடக் கூடாது என்பதற்காகவே செய்தது போல. அம்மா பெட்டிமேல் காலை வைத்துக்கொண்டு தூங்கினார்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பி.என்.ஆர்., அதாவது விமான நிறுவனம் தரும் முன்பதிவு எண், அதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே டிக்கெட்டிலும் இரண்டு நிறுவனங்கள் தங்கள் தங்கள் பி.என்.ஆர். வைத்திருக்கலாம். இ-டிக்கெட் எண்ணைப் பாருங்கள். 13 இலக்கம் இருக்கும், முதல் மூன்று இலக்கம் டிக்கெட் கொடுத்த நிறுவனத்தின் குறியீடு. ஒரு ஆளுக்கு இரண்டு விமானத்துக்கும் அதே எண் என்றால் ஒரே டிக்கெட். வெவ்வேறு எண், அல்லது ஒன்றுக்கு அந்த எண்ணே இல்லை என்றால் முதலில் சந்தேகப்படுங்கள். வாங்கும் முன்பு இந்த எண் தெரியாது, அதனால் விவரத்தை விரித்து 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' (விமானம் மாறுவது உங்கள் சொந்தப் பொறுப்பு என்று பொருள்) அல்லது 'பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்கவும்' என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். கைப்பை மட்டும் கொண்டுபோகிறவர்கள், நடுவில் ஒரு நாள் தங்கப்போகிறவர்கள் தெரிந்தே வாங்கினால் தப்பில்லை. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு வேண்டவே வேண்டாம்.

கார்டு கொடுத்த வங்கியில் உத்தரவாதத் தொகைக்காகப் புகார் கொடுத்திருக்கிறேன். அந்தச் சாம்பல் நிற வரியின் படத்தையும் அரட்டையின் ஆறு பதில்களையும் இணைத்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. வந்தால் எழுதுகிறேன்.