முகமூடி கழுவும் மெஷின்: தொட்டியா, டிரம்மா, தெளிப்பானா?

கழுவி எடுத்த ரெஸ்பிரேட்டர் முகமூடியில் (தூசி, புகை, வாயுவை வடிகட்டித் தரும், திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் முகமூடி), மூச்சு வெளியேறும் வால்வை நகத்தால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். அந்த மெல்லிய ரப்பர் வட்டத்துக்கு அடியில் அநேகமாக ஒரு சொட்டுத் தண்ணீர் ஒளிந்திருக்கும். அதில் சோப்பும் கலந்திருந்தால் காய்ந்தபின் வால்வு ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் சரியாகப் படியாது. மூச்சை இழுக்கும்போது வெளிக்காற்று ஃபில்டர் பக்கம் போகாமல் அந்த இடுக்கு வழியாக உள்ளே வந்துவிடும். மெஷின் விற்பவர்கள் கழுவுவதைப் பற்றியே பேசுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது இந்தச் சொட்டைத்தான்.

மெஷினே வேண்டாம் என்பதும் ஒரு வழிதான். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிகளில் கையால் கழுவும் முறை விளக்கமாகவே இருக்கிறது. ஃபில்டர், கார்ட்ரிட்ஜ் (வாயுவை வடிகட்டும் டப்பா), வால்வு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 43 டிகிரி செல்சியஸைத் தாண்டாத வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், பிரஷ்ஷால் தேய்க்கலாம். சோப்பில் கிருமிநாசினி இல்லையென்றால், லிட்டருக்கு சுமார் 1 மில்லி பிளீச் கலந்த நீரில் 2 நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலச வேண்டும். அலசலில் கஞ்சத்தனம் கூடாது. தங்கிப்போகும் சோப்பு முகத்தோலைப் புண்ணாக்கும், ரப்பரையும் கெடுக்கும். ஐந்தாறு முகமூடிக்கு இது தாராளம். முப்பது என்றால், முதல் முகமூடிக்குக் கிடைத்த கவனம் இருபதாவதுக்குக் கிடைக்காது.

அடுத்தது அல்ட்ராசோனிக் தொட்டி. ஒலி அலையால் நீரில் நுண்குமிழிகள் உண்டாகி உடையும்போது அழுக்கு பெயர்ந்து வரும். உலோகப் பாகத்தில் இது அபாரமாக வேலை செய்யும். மென்மையான ரப்பரும் சிலிக்கோனும் அந்த அதிர்வை ஓரளவு விழுங்கிவிடுவதால், முகமூடியில் அதே பளபளப்பை எதிர்பார்க்க வேண்டாம். தொட்டி தானாக அலசாது, காயவைக்கவும் செய்யாது. பேச்சு கேட்பதற்கென்று முழுமுக முகமூடியில் இருக்கும் மெல்லிய சவ்வு இந்த அதிர்வைத் தாங்குமா என்று கையேட்டில் பார்த்துவிட்டு இறக்குங்கள்.

டிரம் வகை என்பது தீயணைப்பு வீரர்களின் சீருடை போன்றவற்றைத் துவைக்கும் பெரிய வாஷிங் மெஷினில் முகமூடிக்கென்று ஒரு மெதுவான புரோகிராம். வேறு வேலைக்கும் ஆகும் என்பதுதான் இதன் கவர்ச்சி. ஆனால் முகமூடிகளைத் தனித்தனி பையிலோ தாங்கியிலோ போடாவிட்டால் ஒன்றோடொன்று உரசி லென்ஸ் கீறிப்போகும். கரி படிந்த சீருடையோடு சேர்த்துப் போடும் ஆசையையும் விட்டுவிடுங்கள். தீயணைப்பு வேலையையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் வகைப்படுத்தியது. அந்தக் கரி முகத்தில் ஒட்டும் பொருளுக்கு மாறுவதில் என்ன லாபம்?

தெளிப்பு வகைதான் முகமூடிக்கென்றே செய்தது. பார்க்க ஹோட்டல் டிஷ்வாஷர் மாதிரி இருக்கும். முகமூடியைத் தாங்கியில் மாட்டியதும் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் நீர் பீய்ச்சும். வெறும் சூட்டிலேயே கிருமி போக வேண்டுமென்றால் 80 டிகிரியில் 10 நிமிடம் என்பது மருத்துவக் கருவிகளுக்குப் பழகிய ஒரு கணக்கு. பல முகமூடிகள் அதைத் தாங்காது. அதனால் சூட்டைக் குறைத்து, ரசாயனத்தைச் சேர்த்து ஈடுகட்டுகிறார்கள். எந்த ரசாயனம் என்பதை மெஷின்காரர் சொன்னால் போதாது, முகமூடி தயாரிப்பாளரும் ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டு டிஷ்வாஷரில் போடலாமே என்று கேட்பவர்களுக்கு: பாத்திரப் பவுடரின் காரமும் அடியிலுள்ள ஹீட்டரும் முகமூடிக்கு ஆகாது.

சரி, காயவைப்பது? வெயிலில் போட்டால் ரப்பர் சீக்கிரம் முதிர்ந்து வெடிக்கும். நிழலில் கொடியில் போடலாம், ஆனால் மடிப்புகளில் ஈரம் தங்கும். வெதுவெதுப்பான காற்றை முகமூடிக்கு உள்ளேயே குழாய் வழியாக ஊதும் அலமாரி இவற்றைவிடப் பல மடங்கு மேல். கழுவும் மெஷினே காயவைக்கும் என்றால் வசதிதான், ஆனால் அது முடியும்வரை அடுத்த ஈடு வெளியே காத்திருக்கும். அரை மணி கழுவல், ஒன்றரை மணி உலர்த்தல் என்று வைத்துக்கொண்டால், ஒரு வாஷருக்கு மூன்று ஈடு கொள்ளும் அலமாரி வேண்டும். பலர் வாஷருக்கே பட்ஜெட்டைக் கரைத்துவிட்டு இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

என் கையில் காசு குறைவு என்றால், கையால் கழுவிக்கொண்டு நல்ல அலமாரியை முதலில் வாங்குவேன். தினமும் பல டஜன் வரும் இடமென்றால் தெளிப்பு மெஷினும் தனி அலமாரியும். டிரம் வகை எனக்கு மூன்றாவது இடம்தான், அதுவும் ஏற்கெனவே அந்த மெஷின் இருந்தால்.

டெமோவுக்குப் போகும்போது அவர்கள் தரும் புது முகமூடியை வைத்துப் பார்க்காதீர்கள். உங்களுடைய அழுக்கு முகமூடியை எடுத்துப் போங்கள். வால்வை மாட்டியபடியே கழுவலாம் என்று அவர்கள் சொன்னால் அப்படியே ஒரு சுற்று ஓட்டச் சொல்லி, வெளியே வந்ததும் அந்த ரப்பர் வட்டத்துக்கு அடியில் டிஷ்யூ காகிதத்தைச் செருகிப் பாருங்கள். அப்புறம் விலை பேசலாம்.